கண்ணாடிக் குடுவையும் 42 பாகையும்

1637ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹாலந்தின் லெய்டன் நகரில், யான் மேர் என்பவரின் அச்சகத்திலிருந்து ஒரு பிரெஞ்சு நூல் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. அறிவாளிகள் லத்தீனில் எழுதிய காலத்தில் அது பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது. முதல் 78 பக்கங்கள் ஒரு முன்னுரை. அதன் பின் 400க்கும் மேற்பட்ட பக்கங்களில் மூன்று அறிவியல் கட்டுரைகள்.

அந்த 78 பக்கங்களைத்தான் இன்று உலகம் ‘முறை குறித்த உரை’ என்ற பெயரில் தனிப் புத்தகமாகப் படிக்கிறது. ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் அதில்தான் வருகிறது. தத்துவம் படிக்காதவர்களுக்கும் அது தெரியும். எழுதியவர் ரெனே தெகார்த் என்பதும் தெரியும். பின்னால் வந்த 400 பக்கங்கள்தான் கழன்று விழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று ஒளியையும் கண்ணையும் லென்ஸையும் பற்றியது. இரண்டாவது மேகம், பனி, இடி, வானவில் போன்ற வானிலை நிகழ்வுகளைப் பற்றியது. மூன்றாவது வடிவியல், வளைகோட்டைச் சமன்பாடாக எழுதும் வழியை நமக்குத் தந்தது அது.

எல்லாவற்றையும் சந்தேகித்த மனிதர் என்று தெகார்த்தை அறிமுகம் செய்கிறார்கள். அடுப்பருகே நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி யோசித்தவர் என்ற சித்திரம் அதிலிருந்து பிறக்கிறது. அந்தச் சித்திரம் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நினைக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் கசாப்புக்காரர்கள் நிறைந்த கால்வர் வீதியில் குடியிருந்தபோது, குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய தினமும் கசாப்புக் கடைக்குப் போய் விலங்கு உறுப்புகளை வாங்கி வந்து வீட்டில் அறுத்துப் பார்த்தவர் அவர். ஒளியியல் கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது: இறந்த மாட்டின் கண்ணை எடுத்து, பின்புறச் சவ்வுகளைக் கவனமாக வெட்டி நீக்கி, அந்த இடத்தில் மெல்லிய காகிதத்தையோ முட்டையோட்டையோ வைத்து, இருட்டறையின் சன்னல் துளையில் பொருத்த வேண்டும். வெளியே உள்ள காட்சி முழுவதும் அந்த முட்டையோட்டில் தலைகீழாக விழும். 1635 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் விழுந்த பனித்துகள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆறு முனை நட்சத்திரங்கள் எவை, இரு முனையிலும் தட்டு பொருத்திய சிறு தூண்கள் எவை என்று படத்தோடு எழுதி வைத்தார். இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவர் செய்யும் வேலை அல்ல.

ஆனால் அவருடைய அறிவியலை, அதன் வலுவையும் பலவீனத்தையும் சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், வானிலைக் கட்டுரையின் எட்டாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். அது வானவில்லைப் பற்றியது. தன் முறை எப்படி வேலை செய்யும் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்காது என்று அவரே அதன் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தேடல் வானவில்லில் தொடங்கவில்லை. 1629 மார்ச் 20 அன்று ரோமுக்கு அருகிலுள்ள ஃபிரஸ்காட்டியில் சூரியனைச் சுற்றிப் பல போலிச் சூரியன்கள் தெரிந்தன. ஷைனர் என்ற இயேசு சபை வானியலாளர் அதைப் பார்த்துப் பதிவு செய்தார். அந்த விவரம் கடிதங்கள் வழியாக ஐரோப்பா முழுவதும் சுற்றி, அந்தக் கோடையில் ஹாலந்துக்கும் வந்தது. ரெனேரி என்ற நண்பர் அதைத் தெகார்த்திடம் கொடுத்து விளக்கம் கேட்டார். அப்போது தெகார்த்துக்கு வயது 33. கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, வானில் தோன்றும் எல்லாவற்றையும் முறையாக ஆராயத் தொடங்கினார். அந்த அக்டோபரில் பாரிஸில் இருந்த மெர்சென் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதப்போவதாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும், ஓவியத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்ப்பவர்கள் பேசுவதைக் கேட்கும் ஓவியனைப் போல இருக்க விரும்புவதாகவும் குறிப்பிட்டார். சிறு நூல் வளர்ந்து பெரிய நூலானது. பிரபஞ்சம் முழுவதையும் விளக்கும் அந்தப் பெரிய நூல் முடியும் தறுவாயில், 1633இல், பூமி நகர்கிறது என்று சொன்னதற்காகக் கலீலியோ தண்டிக்கப்பட்ட செய்தி வந்தது. தெகார்த்தின் நூலும் அதையேதான் சொன்னது. அவர் கையெழுத்துப் பிரதியை மூடி வைத்தார். 1637இல் பெயரில்லாமல் வெளிவந்தவை, திருச்சபை எதிர்க்க இடமில்லாத பகுதிகள்தான். வானவில்லுக்காக எந்த நீதிமன்றமும் ஒருவரை அழைக்காது.

வானவில்லைப் பற்றி அதற்குள் பலர் நிறையச் சொல்லியிருந்தார்கள். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், மழை எதிரே பெய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அரிஸ்டாட்டில் அதை மேகத்தின் எதிரொளிப்பு என்று எழுதியிருந்தார். 13ஆம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன், வில்லின் உச்சி 42 பாகைக்கு மேல் உயராது என்று அளந்து சொன்னார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே யோசனைக்கு வந்தார்கள்: ஜெர்மனியில் ஃபிரைபெர்க் நகரத் தியோடரிக் என்ற துறவி, பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் ஃபாரிசி. இருவருமே நீர் நிறைத்த கண்ணாடிக் கோளத்தை ஒரு மழைத்துளியாகக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஒளி துளிக்குள் நுழையும்போது ஒருமுறை வளைந்து, பின்சுவரில் எதிரொளித்து, வெளிவரும்போது மறுமுறை வளைகிறது என்று கண்டார்கள். தியோடரிக்கின் நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே குடுவைச் சோதனையில் முதலிடம் தெகார்த்துக்கு இல்லை. அந்த இடத்தை அவருக்குத் தரவும் தேவையில்லை. அவருடைய பெருமை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

அவர் யோசித்த வரிசையைப் பாருங்கள். வானவில் வானத்தில் மட்டும் வருவதில்லை. வெயில் படும் நீரூற்றின் தெறிப்பிலும் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. ஆகவே அது மேகத்தின் காரியமல்ல, துளியின் காரியம். துளி உருண்டையானது. ஊற்றுத் துளியானாலும் மழைத்துளியானாலும் வில் ஒன்றாகவே இருக்கிறது. அப்படியானால் துளியின் அளவு முக்கியமல்ல. முக்கியமல்ல என்றால், ஏன் மிகப் பெரிய ஒரு துளியைச் செய்து அருகில் வைத்துப் பார்க்கக் கூடாது? (மூடுபனியின் மிக நுண்ணிய துளிகளில் வில் வெளுத்துவிடும் என்பதை இன்று அறிவோம். மழைத்துளிக்கு அவர் சொன்னது போதுமான அளவு சரி.) வட்டமான, தெளிந்த பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்து நீரால் நிரப்பினார்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு, குடுவையை எதிரே வைத்து மெல்ல உயர்த்தினார். சூரியனிலிருந்து கண் வழியாகச் செல்லும் கோட்டுக்கும், கண்ணிலிருந்து குடுவையின் கீழ்ப்பகுதிக்குச் செல்லும் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 42 பாகை வந்தபோது, குடுவையின் அடிப்பகுதியில் ஓர் இடம் மட்டும் மற்றெல்லா இடங்களையும் விடப் பன்மடங்கு பிரகாசமாகச் சிவந்தது. இன்னும் சற்றே உயர்த்தினால் சிவப்பு சட்டென்று மறைந்தது. சற்றே தாழ்த்தினால் உடனே மறையவில்லை. மஞ்சளும் நீலமும் மற்ற நிறங்களும் மங்கலாகத் தெரிந்தன. மேலே ஏற்றினால் துண்டித்தாற்போல் முடிவதும், கீழே இறக்கினால் மெல்லக் கரைவதும் வேறு வேறு விஷயங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதற்கும் விதை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. குடுவையை இன்னும் உயர்த்தி 52 பாகைக்குக் கொண்டு போனபோது, இப்போது அதன் மேற்பகுதியில், மங்கலான இன்னொரு சிவப்பு தெரிந்தது. வானவில்லுக்கு மேலே சில நாள்களில் தெரியும் இரண்டாவது வில்லின் இடம் அது.

அடுத்து அவர் செய்தது எளிமையானது. ஒளி எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஒளி புகாத கறுப்புப் பொருளால் குடுவையின் ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பார்த்தார். எந்த இடத்தை மறைத்தால் சிவப்பு அணைகிறதோ அந்த இடம் ஒளியின் பாதையில் இருக்கிறது. மூன்று இடங்கள் அகப்பட்டன: மேற்பகுதியில் ஒளி நுழையுமிடம், பின்சுவரில் அது திரும்புமிடம், கீழ்ப்பகுதியில் வெளிவருமிடம். அந்த மூன்றையும் திறந்து வைத்து மற்ற எல்லாவற்றையும் மூடினாலும் சிவப்பு அப்படியே நின்றது. மேல் வில்லுக்கோ குடுவைக்குள் ஓர் எதிரொளிப்புக்குப் பதில் இரண்டு. இரண்டு முறை திரும்பும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒளி வெளியே போய்விடுவதால் அந்த வில் மங்கலாக இருக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வெயில் சாய்ந்த மாலையில், பள்ளி ஆய்வகத்தின் உருண்டை அடிக் குடுவை ஒன்றில் நீர் நிரப்பி, உங்கள் தலையின் நிழல் விழும் இடத்தை மையமாகக் கொள்ளுங்கள். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் என்பது கண்ணுக்கு ஏறக்குறைய 20 பாகை. நிழலின் தலையிலிருந்து இரண்டு சாணும் கொஞ்சமும் தள்ளிக் குடுவையை வைத்து, மேலும் கீழுமாக நகர்த்திப் பாருங்கள். சிவப்பு எரியும் இடம் கிடைக்கும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானில் மழைவில் தெரியாது என்பதும் இந்த அளவிலிருந்தே வருகிறது. அதனால்தான் உச்சிவெயிலில் யாரும் வானவில் பார்ப்பதில்லை.

இதுவரை செய்தது தியோடரிக்கும் அல் ஃபாரிசியும் செய்ததற்குச் சமம். இங்கேதான் தெகார்த் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். குடுவையின் மீது சூரிய ஒளி முழுக்க விழுகிறது. எல்லாக் கதிர்களும் நுழைகின்றன, திரும்புகின்றன, வெளியே வருகின்றன. வெவ்வேறு இடத்தில் நுழைவதால் வெவ்வேறு கோணத்தில் வர வேண்டும். அப்படியிருக்க 42 பாகையில் மட்டும் ஏன் இத்தனை வெளிச்சம்? அந்த எண்ணுக்கு என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முன்னோர்கள் கையில் இல்லாத ஒன்று அவர் கையில் இருந்தது: ஒளிவிலகல் விதி. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் கதிரின் படுகோணத்தின் சைனுக்கும் விலகுகோணத்தின் சைனுக்கும் உள்ள விகிதம் எப்போதும் மாறாது. இதை 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சஹ்ல் பயன்படுத்தியிருந்தார். 1602 வாக்கில் இங்கிலாந்தின் ஹாரியட்டும், 1621 வாக்கில் லெய்டனின் ஸ்னெல்லும் தனித்தனியே கண்டிருந்தார்கள். ஹாரியட்டும் ஸ்னெல்லும் அதை அச்சிடவில்லை. முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தது தெகார்த்தின் இந்த 1637 நூல்தான். ஸ்னெல்லின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத்தான் எழுதினார் என்ற குற்றச்சாட்டு பின்னால் எழுந்தது. விதிக்கு அவர் சொன்ன காரணமும் இடறலானது. மெல்லிய துணியைக் கிழித்துச் செல்லும் பந்தை உதாரணம் காட்டி, அடர்ந்த ஊடகத்தில் ஒளி எளிதாகச் செல்கிறது என்றார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா அதைக் கடுமையாக எதிர்த்தார். நீரில் ஒளி மெதுவாகத்தான் செல்கிறது என்பதை 1850இல் இயற்பியலாளர் ஃபூக்கோ அளந்து காட்டினார். காரணம் தவறு, விதி சரி. வானவில் கணக்குக்கு விதி மட்டுமே போதும்.

நீருக்கு அந்த விகிதத்தை 250க்கு 187 என்று அவர் எடுத்துக்கொண்டார். இன்றைய வழக்கில் சொன்னால் ஒளிவிலகல் எண் 1.337, இன்றைய அளவீட்டிலிருந்து மிகச் சிறிதே விலகியது. பிறகு துளியின் ஆரத்தை 10,000 பங்காகப் பிரித்தார். துளியின் மையத்தை நோக்கி நேராக வரும் கதிர் 0. விளிம்பை உரசிச் செல்வது 10,000. இடையே 1000, 2000, 3000 என்று ஒவ்வொரு கதிராக எடுத்து, எந்தக் கோணத்தில் கண்ணுக்கு வருகிறது என்று கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டார்.

ஒரு வரியை நாமும் போட்டுப் பார்ப்போம். 8000இல் நுழையும் கதிருக்குப் படுகோணத்தின் சைன் 0.8, கோணம் 53 பாகை 8 கலை. (60 கலை ஒரு பாகை.) 0.8ஐ 187ஆல் பெருக்கி 250ஆல் வகுத்தால் 0.5984, விலகுகோணம் ஏறத்தாழ 36 பாகை 45 கலை. துளியின் வடிவியலிலிருந்து, விலகுகோணத்தை நான்கால் பெருக்கி, அதிலிருந்து படுகோணத்தின் இருமடங்கைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 40 பாகை 44 கலை. ஒரு வரி முடிந்தது. சைன் அட்டவணையை வைத்துக்கொண்டு, கால்குலேட்டர் இல்லாமல், இதையே மீண்டும் மீண்டும்.

1000இல் நுழையும் கதிர் 5 பாகை 40 கலையில் வெளிவருகிறது. 2000இல் அது 11 பாகையைத் தாண்டுகிறது. 5000இல் கிட்டத்தட்ட 28, 6000இல் 33, 7000இல் 37 பாகை 26 கலை. 8000இல் நாம் போட்டது. 9000இல் 40 பாகை 57 கலை. அதன் பிறகு ஏறவில்லை, இறங்குகிறது. 10,000இல் வெறும் 13 பாகை 40 கலை.

அட்டவணையின் இடது வரிசை சம இடைவெளியில் நகர்கிறது. வலது வரிசை அப்படி நகரவில்லை. முதல் ஆயிரத்திலிருந்து இரண்டாவது ஆயிரத்துக்குப் போகும்போது கோணம் 5 பாகைக்கு மேல் தாவுகிறது. 8000க்கும் 9000க்கும் இடையில் உள்ள எல்லாக் கதிர்களும் ஒரு பாகைக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. உந்தி விட்ட ஊஞ்சல் நடுவில் விரைந்து போய், உச்சியில் திரும்புமிடத்தில் சற்றுத் தங்குவது போலத்தான் இது: கோணம் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, திரும்புகிறது, திரும்புமிடத்தில் கதிர்கள் தங்கிச் சேர்கின்றன. அந்தச் சேர்க்கைதான் வானவில்.

உச்சி எங்கே என்று துல்லியமாக அறிய, 8000 முதல் 9800 வரை நூறு நூறாக இன்னோர் அட்டவணை போட்டார். 8500, 8600 ஆகிய இரண்டு வரிகளிலும் 41 பாகை 30 கலை வந்தது. அதுவே எல்லை. அதற்கு மேல் ஒரு கதிரும் இல்லை. சூரியன் புள்ளியல்ல, ஒரு வட்டு. அதன் பாதி அகலம் 17 கலை என்று சேர்த்து, வில்லின் வெளி எல்லை 41 பாகை 47 கலை என்று எழுதினார். மேல் வில்லுக்கும் இதேபோல் ஒரு கணக்கு. அங்கே கோணம் இறங்கி வந்து 51 பாகை 54 கலையில் நின்று திரும்பியது. 17 கலையைக் கழித்தால் 51 பாகை 37 கலை.

குடுவையை மேலே ஏற்றியபோது சிவப்பு சட்டென்று அணைந்ததற்கும், கீழே இறக்கியபோது மெல்லக் கரைந்ததற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. 42 பாகைக்கு மேலே கதிரே இல்லை. கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும் கதிர்கள் உண்டு. அதனால்தான் வானவில்லுக்கு உட்புற வானம் வெளிறியும், இரண்டு வில்களுக்கும் இடையிலுள்ள வானம் இருண்டும் தெரிகின்றன. அந்த இருண்ட பட்டையைக் கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த அஃப்ரோடிசியாஸின் அலெக்சாண்டர் குறித்து வைத்திருந்தார். அதற்கான விடை ஓர் எண் அட்டவணையில் கிடைக்க 1400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. நுண்கணிதம் அப்போது பிறக்கவில்லை. உச்சத்தைக் கண்டுபிடிக்கும் பொதுவான வழியை ஃபெர்மா அந்த ஆண்டுகளில்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார். தெகார்த் செய்தது வெறும் கூட்டல், கழித்தல், பொறுமை. மவுரோலிக்கோ என்ற இத்தாலியக் கணித மேதை வில்லின் கோணத்தை 45 பாகை என்று வைத்திருந்தார். காரணம் தெரியாமல் அளப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இதையே உதாரணமாகக் காட்டுகிறார் தெகார்த். அந்தப் பெருமிதம் அவருக்குத் தகும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது குறையில்லாத அத்தியாயமாக இருந்திருக்கும். ஆனால் வானவில்லுக்கு இடம் மட்டுமா இருக்கிறது? நிறம் இருக்கிறது.

நிறத்தையும் அவர் குடுவையைப் போலவே அணுகினார். வளைந்த பரப்பு வேண்டுமா? எதிரொளிப்பு வேண்டுமா? இரண்டு விலகல்கள் வேண்டுமா? தட்டையான பக்கங்கள் கொண்ட முப்பட்டகம் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் சூரிய ஒளி நேர்க்குத்தாக விழும்படி வைத்தார். அங்கே விலகல் இல்லை. அடிப்பக்கத்தைக் கறுப்பால் மூடி, ஒரு சிறு திறப்பு மட்டும் விட்டார். ஒரே ஒரு விலகலுக்குப் பின் வெள்ளைத் துணியிலோ காகிதத்திலோ ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் விழுந்தன. ஆக, வளைவு வேண்டாம், எதிரொளிப்பு வேண்டாம், ஒரு விலகலே போதும். திறப்பை அகலமாக்கினால் நடுவில் வெள்ளை வந்து, நிறங்கள் ஓரங்களில் மட்டும் நின்றன. ஆக, ஒளிக்கு ஓர் எல்லை, பக்கத்தில் ஒரு நிழல், இவையும் வேண்டும். ஒவ்வொன்றாக நீக்கி, எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த வேலை அற்புதமாக இருக்கிறது.

அடுத்த அடியில் தரை இல்லை. ஒளி என்பது நுண்ணிய உருண்டைகள் நிறைந்த ஊடகத்தில் பரவும் அழுத்தம் என்பது தெகார்த்தின் கொள்கை. விலகும்போது நிழலின் ஓரத்தில் உள்ள உருண்டைகள் உருளத் தொடங்குகின்றன, நகர்வதைவிட வேகமாகச் சுழல நேர்ந்தால் நமக்குச் சிவப்பு, மெதுவாகச் சுழன்றால் நீலம் என்றார். இந்தச் சுழற்சியை அளக்க அவரிடம் வழி இல்லை. எண் இல்லை, அட்டவணை இல்லை, மறைத்துப் பார்க்க எதுவும் இல்லை. கோணத்தைத் தேடியபோது 250க்கு 187 என்ற விகிதம் அவரைக் கையைப் பிடித்து நடத்திச் சென்றது. நிறத்தைத் தேடியபோது கற்பனை மட்டுமே துணை. ஒரே அத்தியாயம், சில பக்கங்கள்தான் இடைவெளி. அவரோ இரண்டையும் ஒரே உறுதியான குரலில் சொல்கிறார். வாசகருக்கு அந்தக் குரலில் வேறுபாடு கேட்காது. அதுதான் அவரிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். தேடலைத் தொடங்கி வைத்த போலிச் சூரியன்களுக்கும் இதே கதிதான். மேகத்தைச் சுற்றி ஒரு மாபெரும் பனி வளையம் உருவாகிறது என்று கடைசி அத்தியாயத்தில் விளக்கினார். நிஜத்தில் அது காற்றில் மிதக்கும் ஆறுபக்கப் பனிப்படிகங்களின் வேலை. அவர் ஆம்ஸ்டர்டாமில் குனிந்து பார்த்து வரைந்த அதே ஆறுபக்கத் துகள்கள் இங்கே அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அவருடைய தவறிலும் ஒரு விலையுயர்ந்த பொருள் இருந்தது. அதுவரை பள்ளிகளில், பூவின் சிவப்பு உண்மையான நிறம், வானவில்லின் சிவப்பு வெறும் தோற்றம் என்று இரண்டாகப் பிரித்துக் கற்பித்தார்கள். தெகார்த் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. நிறம் என்பதே தோன்றுவதுதான். தோன்றும் நிறத்தைப் பொய் என்பதற்குப் பொருளில்லை என்றார். நிறத்தைப் பொருளிலிருந்து எடுத்து ஒளியிடம் ஒப்படைத்த அந்த முடிவின் மேல்தான் அடுத்த தலைமுறை நின்றது. அத்தியாயத்தின் முடிவில் அவர் ஒரு விளையாட்டுத் திட்டமும் தருகிறார்: வெவ்வேறு அளவில் ஒளியை விலக்கும் எண்ணெய்களையும் சாராயங்களையும் பெரிய ஊற்றுகளில் பீய்ச்சியடித்தால் வானில் வெவ்வேறு இடங்களில் வில் தோன்றும், ஊற்றுத் துளைகளைத் திட்டமிட்டு மூடித் திறந்தால் விரும்பிய வடிவங்களையே வானில் காட்டலாம். திரவத்தின் விகிதம் மாறினால் வில்லின் இடம் மாறும் என்ற தெளிவு இருந்தவருக்கு, ஒரே நீரில் நிறத்துக்கு நிறம் விகிதம் மாறக்கூடும் என்று தோன்றவில்லை. அவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கிறார்.

அதற்கு ஒரு காரணம் அவர் திரையை முப்பட்டகத்துக்கு மிக அருகில் வைத்ததாக இருக்கலாம். 1666இல் ஐசக் நியூட்டன் தன் இருட்டறையில் முப்பட்டகத்திலிருந்து வந்த ஒளியை 22 அடி தள்ளியிருந்த சுவரில் விழவிட்டார். அவ்வளவு தூரம் போனதும், வட்டமாக விழ வேண்டிய சூரிய பிம்பம் அகலத்தைப் போல ஐந்து மடங்கு நீண்டு கிடந்தது. ஒவ்வொரு நிறமும் தனக்கென்று ஓர் அளவில் விலகுகிறது என்பது அந்த நீட்சியிலிருந்து கிடைத்தது.

நீரில் சிவப்புக்கு 108க்கு 81, ஊதாவுக்கு 109க்கு 81 என்று நியூட்டன் எடுத்துக்கொண்டார். பிறகு தெகார்த் காட்டிய அதே உச்சக் கோணத்தை இரண்டு முறை கணக்கிட்டார். சிவப்புக்கு 42 பாகை 2 கலை, ஊதாவுக்கு 40 பாகை 17 கலை. வேறுபாடு 1 பாகை 45 கலை. சூரிய வட்டின் அகலம் 30 கலையைக் கூட்டினால் வில்லின் அகலம் 2 பாகை 15 கலை. தெகார்த் வில்லுக்கு இடம் கொடுத்தார், அகலம் கொடுக்க முடியவில்லை. அவருடைய ஒரு விகிதம் நியூட்டனிடம் இரண்டானதும் அகலமும் வந்துவிட்டது.

1704இல் வெளியான தன் ஒளியியல் நூலில் நியூட்டன் வானவில்லின் விளக்கத்தைக் கண்டுபிடித்த பெருமையை, 1611இல் நூல் வெளியிட்ட பேராயர் அந்தோனியோ தெ தொமினிசுக்குக் கொடுத்து, தெகார்த் அதைச் சீர்திருத்தியவர் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். தெ தொமினிஸ் துளிக்குள் எதிரொளிப்பைச் சொன்னது உண்மை. வெளிவரும்போது நிகழும் இரண்டாவது விலகல் அவர் படத்தில் இல்லை. விகிதம் இல்லை, அட்டவணை இல்லை, ஏன் 42 என்ற கேள்வியே இல்லை. நியூட்டன் செய்த கணக்கின் ஒவ்வொரு வரியும் அந்தக் கேள்விக்குக் கடன்பட்டது. அதைக் கேட்டவர் தெகார்த்.